மறுபக்கத்து நாடா

கடைக்காரர் முந்தியை விரித்துப் போடுவார். நான் கரையைப் புரட்டிப் பார்ப்பேன். முந்தியில் இருக்கும் யாளியையும் இருதலைப் பட்சியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காஞ்சிபுரத்துப் புடவை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுவது, பின்பக்கத்தில் உடலும் கரையும் சேருகிற அந்தச் சன்னமான தடம்தான். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று வளைத்துப் பிடித்துத் திரும்பிப் போன இடம் அது. கோர்வை என்பது அதுதான். விரலை ஓட்டினால் லேசான ஒரு மேடு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லையென்றால் எத்தனை சரிகை இருந்தாலும் எனக்கு அந்தப் புடவையோடு பேச்சில்லை.

கோர்வையைப் பற்றிப் பேசுகிறவர்கள் உறுதியைத்தான் முதலில் சொல்கிறார்கள். உடல் கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள். அது உண்மைதான். ஆனால் கோர்வையின் பெருமை நிறத்தில் இருக்கிறது. கோர்வை இல்லாத புடவையில் உடலின் ஊடை கரைக்குள்ளும் ஓடிவிடும். பச்சைப் பாவில் அரக்கு ஊடை புகுந்தால் பச்சையும் மிஞ்சாது, அரக்கும் மிஞ்சாது. கோர்வையில் கரையின் பாவும் ஊடையும் ஒரே நிறம், உடலின் பாவும் ஊடையும் வேறொரு நிறம். அதனால்தான் அரக்குக்குப் பக்கத்தில் கடுகு மஞ்சள் அப்படி எழுந்து நிற்கிறது. இரண்டு நிறம் கலந்து மின்னுவது எனக்குப் பிடிக்காது என்றில்லை. மயில் கழுத்துக்கு அதுதான் உயிர். உடலில் எவ்வளவு வேண்டுமானாலும் மின்னட்டும். கரை மட்டும் கலங்கக் கூடாது.

பனாரஸ் பிரியர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. அங்கே பூ வேலையின் நுணுக்கம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புடவையில் கரை என்பது துணியின் ஓரம். காஞ்சிபுரத்தில் கரை தனித் துணி; தனக்கென்று பாவும் ஊடையும் உடையது. பைத்தானியின் முந்தியைக் காட்டி, இதிலும் ஊடைகள் கோத்துக்கொள்கின்றனவே என்பார்கள். கத்வாலில் பருத்தி உடலோடு பட்டுக்கரை சேருவதையும் காட்டுவார்கள். இரண்டுமே எனக்குப் பிடித்தவை. பைத்தானியின் முந்தியில் சிறுசிறு தார்களை வைத்துக்கொண்டு நிதானமாகக் கிளியையும் மயிலையும் நெய்ய நேரம் இருக்கிறது. இங்கே ஆறு கஜம் முழுக்க, ஒவ்வொரு ஊடைக்கும், இரண்டு பக்கமும் கோத்தாக வேண்டும். அதுவும் தறியின் ஓட்டம் நிற்காமல்.

கோர்வைக்கு மூன்று நாடா. நடுவில் உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் இரண்டு. குழித்தறியில் மிதிக்கிறவருக்கு வலப்பக்கத்து நாடா கைக்கு எட்டும். இடப்பக்கத்து நாடாவுக்கு இன்னொருவர் வேண்டும். காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளில் அந்த இடத்தில் பெரும்பாலும் மனைவி உட்கார்ந்திருப்பார். அடுப்பில் வைத்த பால் பொங்குகிறது என்று அவர் எழுந்தால் தறி நின்றுவிடும். திரும்பி வந்து உட்கார்ந்ததும் இருவரும் எதுவும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். மிதி இறங்குகிற சத்தமே போதும், அவர் கை நாடாவை விட்டுவிடும்.

சாதாரண நேர்க்கோட்டுக் கோர்வைக்கே இந்த ஒத்திசைவு தேவை. ரேக்கு வைத்த கரையென்றால் கேட்கவே வேண்டாம். கோபுரம் கோபுரமாக உடலுக்குள் ஏறுகிற அந்தப் பற்கள் கோர்வை இடம் மாறுவதால் வருபவை. முதல் ஊடைக்கு ஓர் இழையில் திரும்பிய நாடா அடுத்ததற்குச் சற்று உள்ளே போய்த் திரும்ப வேண்டும், உச்சியைத் தொட்டதும் அதே கணக்கில் இறங்க வேண்டும். இடப்பக்கத்துக் கணக்கை வைத்திருப்பவர் இடப்பக்கத்தில் இருப்பவர்தான். அவர் ஓர் இழை தவறினால் கோபுரத்தின் தோள் சாயும்.

நல்ல ரேக்குக் கரைப் புடவை கிடைத்தால் இரண்டு கரைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வடிவம் ஒன்று, அளவு ஒன்று. ஆனாலும் ஒரு கரையின் பற்கள் கொஞ்சம் இறுக்கமாகவும் கூர்மையாகவும் இருக்கும். மற்றதில் ஒரு தளர்ச்சி, உச்சியில் ஒரு மென்மை. ஒரு புடவையில் இரண்டு பேரின் கை. இதைக் குறை என்று ஒதுக்குகிற வியாபாரிகள் இருக்கிறார்கள். எனக்கு இதற்குமேல் ரசிக்க ஒரு புடவையில் எதுவுமில்லை. கங்கா ஜமுனாவில் இரு கரைக்கும் நிறமே வேறாக இருப்பதால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும்.

எங்கள் பாட்டியின் கல்யாணப் புடவையில் உடல் மடிப்பு மடிப்பாக நைந்துபோய், கரை மட்டும் உறுதியாக நின்றது. அம்மா அதை வெட்டிப் பாவாடைக்கு வைத்துத் தைத்தாள். எங்கள் தெருவில் பல வீடுகளில் அப்படித்தான். மற்ற வீடுகளில் பழைய பட்டு வாங்குகிறவரிடம் புடவையைப் போட்டார்கள். அவர் அதை எரித்து வெள்ளியைப் பிரித்து எடுத்துவிடுவார். கல்யாணத்துக்குக் கல்யாணம் அடையாளம் சொல்லிக்கொண்டிருந்த எத்தனையோ ரேக்குகள் அப்படிச் சாம்பலாயின. ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் தறி போட்டு, பழைய புடவைகளின் கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் மறுபடி நெய்ய வைத்ததன் அருமை இதை நினைக்கும்போதுதான் தெரிகிறது. சரிகையைக் குறைத்து, அகலமான எதிர்நிறக் கரையை அவர் முன்னால் கொண்டுவந்தார். இன்றைக்கும் கலாக்ஷேத்திராப் புடவை என்றால் கண்முன் வருவது கரைதானே.

இப்போது கடைகளில் மென்பட்டு மலைபோல் குவிந்திருக்கிறது. கனமில்லை, உடுத்த எளிது என்கிறார்கள். உடுத்திக்கொள்ளட்டும். ஆனால் உடலின் ஊடையையே கரைக்குள்ளும் ஓட்டி, மேலே சரிகையை அடர்த்தியாகப் போட்டு நிறக் கலங்கலை மறைத்துவிட்டு, அதையும் கோர்வை விலைக்கு விற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் கைத்தறிக்கென்று ஒதுக்கிய துணிகளில் புடவையும் உண்டு. 2005ஐ ஒட்டிக் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் வந்தது. இருந்தும் விசைத்தறிப் புடவை அதே பெயரில் விற்கிறது. வாங்குகிறவர்கள் புரட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

கோர்வை அருகிப்போனதற்குக் காரணம் கேட்டால் பொறுமை போய்விட்டது, ரசனை போய்விட்டது என்றுதான் பதில் வரும். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். மறுபக்கத்து நாடாவைப் பிடிக்க ஆள் இல்லை என்பதே முதல் காரணம். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பல வீடுகளில் சிறுவர்கள் உட்கார வைக்கப்பட்டார்கள். குடும்பம் வாங்கிய முன்பணத்துக்காக வேலை செய்த பிள்ளைகள். 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலின் கொத்தடிமைச் சிறுவர்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. நாம் வியந்து தடவிப் பார்க்கிற பழைய கரைகளில் சில அந்த விரல்கள் கோத்தவை. அவர்கள் பள்ளிக்கூடம் போனது நல்லது. அதற்காகக் கோர்வை அழிந்திருந்தாலும் நல்லதுதான்.

அழிய வேண்டியதில்லை என்பதே என் வாதம். பிள்ளைகள் எழுந்துபோன இடத்தில் வளர்ந்த ஒருவரை உட்கார வைத்து முழுக்கூலி கொடுத்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. கூலி இன்றும் புடவைக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது. அதற்குள்ளேயே மறுபக்கத்து ஆளின் பங்கும் அடங்கிவிட வேண்டும். மனைவி என்றால் பங்கே கிடையாது. அவர் வீட்டு வேலையோடு வேலையாக நாடாவையும் தள்ளுகிறார் என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். கூலிக்கு வரக்கூடிய இளைஞனை ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைப் பேருந்து வாசலுக்கே வந்து அழைத்துப் போகிறது. மாதம் பிறந்தால் சம்பளம். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஓர் ஆளே கோர்வை போடும்படியான கருவிகளும் வந்திருக்கின்றன. நெசவாளிக்கு அவை உதவியென்றால் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? இரு பக்கமும் ஒரே இறுக்கமாக, ஒரே கூர்மையாக விழுகிறது கரை. ஆனால் இரண்டு கையின் புடவையையும் அதையும் ஒரே விலைச்சீட்டில் விற்கக் கூடாது.

நெசவுக்கான விருதுகள் தறியில் மிதித்தவர் பெயருக்கே போகின்றன. விலைச்சீட்டில் பட்டுக்கு முத்திரை இருக்கிறது, சரிகைக்குச் சான்று இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களாவது கூலிப் பதிவேட்டில் மறுபக்கத்து ஆளுக்குத் தனி வரி ஒன்று ஒதுக்கலாம். அவர் பெயர், அவருக்குரிய தொகை, அவர் கையெழுத்து. அதனால் விலை ஏறினால் ஏறட்டும். கோர்வை வேண்டும் என்கிற நம்மைப் போன்றவர்கள் அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.