பூனாச்சியின் ஏழு குட்டிகள்

பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’ (2016) நாவலை நாம் அவசரமாக அரசியல் உருவகமாக வாசித்துவிட்டோம். ஆட்டுக்குக் காது குத்தும் அதிகாரிகளைப் பார்த்ததும் ‘ஆஹா, மாதொருபாகன் பிரச்சினைக்குப் பதில்’ என்று கிளம்பிவிட்டோம். நானும்தான்.

மறுவாசிப்பில் என்னை உட்கார வைத்தது பஞ்சம். ஒரே ஈத்தில் ஏழு குட்டி. மழை பெய்த வருஷத்தில் அது வரம். மேட்டுக்காடு காய்ந்தால் அதே ஏழும் தீனி கேட்கும் வாய்கள். வெள்ளாடுதான் மானாவாரிக் குடும்பத்தின் சேமிப்பு. ஆனால் வறட்சியில் ஊரே சந்தைக்கு ஆடு ஓட்டி வரும், விலை விழும். தேவைப்படும்போதுதான் அந்தச் சேமிப்பு கரையும். கிழவனும் கிழவியும் பேசுவதைவிட, எதை எப்போது விற்கிறார்கள் என்று கவனியுங்கள். வெள்ளம் பார்த்தே பழகிய மலேசிய வாசகருக்கு இந்த மெதுவான அழிவு சட்டென்று பிடிபடாது.

முடிவில் பூனாச்சி சிலையாவதுதான் எனக்கு ஒப்பவில்லை. அதுவரை வயிற்றைப் பேசிய நாவல் திடீரென்று கோயில் பக்கம் திரும்பிவிடுகிறது.