தீர்ப்பை அழித்த கொலை

பாஸ்டன் உயர் மறைமாவட்டக் குருவாக இருந்த ஜான் கேகன் சிறுவயதில் தங்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார் என்று 130க்கும் மேற்பட்டோர் முறையிட்டிருந்தார்கள். பல ஆண்டுகளாக மேலிடம் அவரைப் பங்குவிட்டுப் பங்கு மாற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாக 2002இல், ஒரேயொரு சிறுவனின் வழக்கில், நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 2003 ஆகஸ்டில் சக கைதி ஒருவர் சிறைக்குள்ளேயே அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்றார்.

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது குற்றவாளி இறந்தால் தீர்ப்பும் செல்லாது என்பது அன்றைய மாசசூசெட்ஸ் வழக்கம். அதன்படி கேகன் மீதான தீர்ப்பும் ரத்தானது. (2019இல்தான் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்த வழக்கத்தைக் கைவிட்டது.) பழிவாங்கல் குற்றவாளியின் உயிரை எடுத்தது; பாதிக்கப்பட்டவர் போராடிப் பெற்ற தீர்ப்பையும் எடுத்துக்கொண்டது.

இதை வைத்து, 'பழி வேண்டாம், மன்னிப்போம்' என்ற பழைய பல்லவிக்குத் திரும்ப முடியாது. அந்த மன்னிப்பைத் தாராளமாக வழங்கியவர்கள் காயப்படாதவர்கள். தண்டனைக்குத் திருச்சபைச் சட்டமே மூன்று நோக்கங்களைச் சொல்கிறது: நீதியை மீட்பது, குற்றவாளியைத் திருத்துவது, குற்றத்தால் மக்களுக்கு ஏற்பட்ட இடறலைச் சரிசெய்வது. நடைமுறையில் இடறலைச் சரிசெய்வது, அதை மூடி மறைப்பதாகச் சுருங்கிப்போனது.

2002 ஜூனில் டாலஸில் கூடிய அமெரிக்க ஆயர்கள், ஒரு குற்றம் நிரூபணமானாலே அந்தக் குருவைத் திருப்பணியிலிருந்து நிரந்தரமாக விலக்குவது என்று முடிவெடுத்தார்கள். இடமாற்ற நாடகத்துக்கு அது முற்றுப்புள்ளி வைத்தது. சிறுபிள்ளைகளைக் காக்கும் விதி என்ற அளவில் நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால், குற்றத்தின் தராதரம் பார்க்காத விதி இது என்று இறையியலாளர் கர்தினால் டல்லஸ் எதிர்த்தார். அதில் நியாயம் உண்டு. ஆனால் எனக்குப் பெரிதாகப்படும் குறை வேறு: குருக்களுக்கும் திருத்தொண்டர்களுக்கும் விதி வகுத்த ஆயர்கள், தங்களை அதில் சேர்த்துக்கொள்ளவில்லை. இடமாற்றங்களுக்குப் பொறுப்பான கர்தினால் பெர்னார்ட் லா, பாஸ்டன் பேராயர் பதவியைத் துறந்தபின் 2004இல் உரோமையின் புனித மரியா பெருங்கோவிலுக்குத் தலைமைக் குருவானார். கீழே இருப்பவருக்குக் கடுமை, மேலே இருப்பவருக்குக் கருணை என்றால், அந்தக் கடுமையிலும் பழியின் வாடை வீசத்தானே செய்யும்?

2019இல் திருத்தந்தை பிரான்சிஸ், ஆயர்கள்மீதான புகாரை விசாரிக்கவும் வழிமுறை வகுத்தார். இத்தகைய வழக்குகளைப் போர்த்தியிருந்த திருத்தந்தை இரகசியத்தையும் அதே ஆண்டு நீக்கினார். இரண்டும் தேவையானவை. ஆனாலும் ஆயரை விசாரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் இன்னொரு பேராயருக்கே போகிறது. முதற்கட்ட விசாரணையின் முடிவும், புகார் கொடுத்தவர் கேட்டால்தான் அவருக்குச் சொல்லப்படும்.