சீரிஸ் பல்பை எவ்வளவு நம்பலாம்?

டிரான்சிஸ்டர் கிட்டார் ஆம்ப் ஒன்று ஃபியூஸ் போய் வந்தால், விவரமுள்ள மெக்கானிக் புது ஃபியூஸைப் போட்டு நேராகக் கரண்ட் கொடுப்பதில்லை. 100 வாட் குண்டு பல்பை லைனில் தொடராகக் கோத்து, அதன் வழியே கொடுத்துப் பார்ப்பார். 230 வோல்ட்டில் முழுதாக எரியும் அந்தப் பல்பின் மின்தடை சுமார் 530 ஓம். குளிர்ந்திருக்கையில் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஷார்ட் இல்லாத ஆம்பில், ஃபில்டர் கெபாசிட்டர்கள் நிரம்பும்போது மட்டும் பல்பு மின்னி மங்கிவிடும். ஷார்ட் இருந்தால் பளிச்சென்று நின்று எரியும். அப்போதும் அரை ஆம்பியருக்கு மேல் ஓடாது. 2என்3055 போன்ற பெயர்களில் போலிகள் மலிந்த சந்தையில் அவுட்புட் டிரான்சிஸ்டர் தேடி அலைந்தவருக்கு இந்தக் காவலின் அருமை தெரியும். (எல்இடி பல்பு இதற்கு உதவாது.)

சிக்கல், பல்பு மங்கியதுமே ஆம்ப் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டுவதில்தான். முன்நிலையில் ஏதோ ஒன்று கெட்டு, ஸ்பீக்கர் முனை முழு சப்ளை வோல்ட்டில் போய் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஸ்பீக்கரை மாட்டாதவரை அங்கே மின்னோட்டம் இல்லை. பல்பும் சாதுவாக மங்கியே இருக்கும். வால்வு ஆம்பில் இருப்பதுபோல் இங்கே இடையில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. அதனால் பல்பை எடுத்துவிட்டு ஸ்பீக்கரை மாட்டியதும் டிசி நேராக வாய்ஸ் காயிலில் இறங்கிக் கருக்கிவிடும். ஸ்பீக்கர் முனையில் மீட்டர் வைத்து, டிசி சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்காதவரை பல்பின் சாட்சி பாதிச் சாட்சிதான்.

பல்பு வழியே ஆம்புக்குப் போவது குறைந்த வோல்ட்டேஜ். அந்த நிலையில் பயாஸ் அளந்தால் தப்பாகவே காட்டும். சூடேறியபின் வரும் கோளாறும் வெளிப்படாது. சத்தத்தைக் கூட்டினால் சப்ளை தொய்ந்து ஒலி கரகரக்கும். அதையே கோளாறாக எண்ணித் துரத்துபவர்கள் உண்டு. எஸ்எம்பிஎஸ் உள்ள புது ஆம்புகளில் இன்னும் மோசம்: சப்ளை எழுவதும் படுப்பதுமாக இருந்து, நல்ல ஆம்பையே கெட்டதாகக் காட்டும். பல்பு இருக்கும் தைரியத்தில் உள்ளே கைவிடுவதும் ஆபத்து. ஷாக்கை அது தடுக்காது.

ஷார்ட் எங்கே என்பதையும் அது சொல்வதில்லை. 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 போன்றவற்றில் இது பெரிய குறையல்ல. ஒரே பெட்டிக்குள் இரண்டு 60 வாட் பவர் ஆம்ப்கள் இருப்பதால், கெட்டதையும் நல்லதையும் ஒரே இடங்களில் அளந்து ஒப்பிட்டாலே பாதி வழி கிடைத்துவிடும்.

கிட்டார்காரர்கள் கொண்டுவரும் புகார்களில் பலவற்றுக்குப் பல்பே வேண்டாம். “சத்தம் திடீரென்று போகிறது, ஓங்கி வாசித்தால் திரும்பி வருகிறது” என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் ஜாக்கை. அதில் எதுவும் செருகாதபோது ஒலி உள்ளிருக்கும் சின்னத் தகட்டுத் தொடுப்பு வழியாகத்தான் கடக்கிறது. அங்கே களிம்பேறினால் இதே கூத்துதான். சென்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு குட்டி கேபிளைப் போட்டதும் சத்தம் சீரானால், ஜாக்கைச் சுத்தம் செய்து கொடுத்தனுப்பலாம்.