வடிவமும் ஒலியும்: இரு கணித அசைபடங்கள்

கணித வடிவங்களை இயக்கிக் காட்டும் படத்திற்கு ஒலி அணியோ, உறுப்போ என்னும் வினாவை ஈண்டு ஆராய முற்படுகின்றோம். கனடா நாட்டுத் தேசியத் திரைப்பட வாரியத்தின் இரு படங்கள் இதற்குத் துணையாவன.

ரெனே ஜொதுவான் 1966-இல் ஆக்கிய ‘நோட்ஸ் ஆன் எ டிரையாங்கிள்’ என்னும் படத்தில் முக்கோணம் ஒன்று பிரிந்தும் கூடியும் பல வடிவம் கொள்கின்றது. உடன் ஒலிப்பது வால்ட்சு இசை. முப்பக்க வடிவிற்கு மூன்றெண்ணிக்கைத் தாளம் பொருத்தமே. ஆயினும், வடிவம் எத்துணைக் கூறாகப் பிரியினும் தாளம் மூன்றாகவே நிற்கின்றது. ஒலியை நீக்கினும் கணக்குக் குறைவுபடாது. ஆகவே இஃது அணியே.

நார்மன் மக்லாரன் 1971-இல் ஆக்கிய ‘சின்க்ரொமி’ இதனின் வேறு. படச்சுருளின் ஒலித்தடத்திற்குரிய கோடுகளே திரையிலும் வண்ணம் பெற்றுத் தோன்றுகின்றன. கோடுகள் நெருங்கின் சுருதி உயரும். நெருக்கம் இருமடங்காயின் ஒலி மேல் ஸ்தாயிக்கு ஏறும். ஒன்றுக்கு இரண்டு என்னும் விகிதத்தைக் கண்ணும் செவியும் ஒருங்கே அறிகின்றன. ஈண்டு ஒலி உறுப்பாயிற்று.

வண்ணத்தைத் தேர்ந்தது கலைஞர்தம் விருப்பமேயன்றி எண் அன்றே எனின், உண்மையே. அவ்வுரிமை விகிதத்தைச் சிதைக்கவில்லை என்க.

இன்று கணிப்பொறியால் கணிதப் படம் ஆக்குவோர் பலர். இன்னிசையில் ஈடுபட்ட மாணாக்கர், உணராததையும் உணர்ந்ததாகக் கொள்ளுதல் கூடும். ஆதலின் ஒலியை நீக்கிப் பார்த்தல் வேண்டும். பொருள் குறையாதாயின், அவ்வொலி இனிமை தரலாம். விளக்கம் தாராது என்பதே எம் துணிபு.