கைக்கெட்டும் தூரத்தில் ரதி

ஈழத்துக் கூத்துகளைப் பற்றி மலர்களில் எழுதுவோர் மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடியில் தொடங்குவார்கள். பிறகு மன்னார் வாசாப்பு, யாழ்ப்பாணத்துக் காத்தவராயன் கூத்து. மலையகத்தின் முறை வரும்போது காமன் கூத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு முடித்துக்கொள்வார்கள். அப்புத்தளையில் வெளிவரும் ஒரு மலர் அந்த வரிசையைத் திருப்பிப் போடத்தான் வேண்டும்.

நம் தோட்டங்களில் ஆடப்பட்டு வந்த பெரிய கூத்துகள் மூன்று: காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு. பொன்னர் சங்கர் என்பது திருச்சி, கொங்குப் பகுதிகளிலிருந்து வந்தவர்களோடு கூட வந்த அண்ணன்மார் கதை. படுகளத்தில் விழுந்தவர் எழும் வரை பார்ப்பவர்கள் வீட்டுக்குப் போகமாட்டார்கள். அருச்சுனன் தபசில் எல்லாப் பாரமும் ஒருவன் தலையில்தான். உயர்ந்த தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏற வேண்டும். குரலும் காலும் ஒன்றாக உழைக்காதவனால் அந்த வேடம் கட்ட முடியாது.

மூன்றிலும் ஆழ வேரூன்றியது காமன் கூத்துதான். மாசி மாதத்து மூன்றாம் பிறையை ஒட்டிக் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். ரதி, மதன் வேடம் கட்டுபவர்களுக்குக் காப்புக் கட்டப்படும். அன்று முதல் அவர்கள் விரதக்காரர்கள். பௌர்ணமியை ஒட்டிச் சிவனின் நெற்றிக்கண்ணில் மதன் எரிவான், ரதி அழுவாள். அதற்குப் பிறகு மதன் எழுப்பப்படுவான். தட்சன், வீரபத்திரன், எமன், குறவன், குறத்தி எல்லோரும் வந்து போவார்கள். எரிந்தானா எரியவில்லையா என்று பாட்டிலேயே வழக்காடுவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஆதாரம் தப்பு என்னும் பறை. அப்புத்தளைப் பக்கம் மாலையானால் மூடுபனி இறங்கிவிடும். ஈரத்தில் தோல் தளரும், ஓசை மங்கும். அதனால் தப்படிப்பவர்கள் நெருப்பை விட்டு நகரமாட்டார்கள். காய்ச்சுவதும் அடிப்பதும் மறுபடி காய்ச்சுவதுமாகவே இரவு போகும்.

இந்தக் கூத்தின் தரத்தை எதைக்கொண்டு அளப்பது? மேடைக் கண்ணால் பார்த்தவர்கள் உடை எளிது, அடவு குறைவு, தாளக்கட்டு தளர்வு என்று எழுதியிருக்கிறார்கள். அந்த அளவுகோல் இதற்குப் பொருந்தாது. பொட்டலில் ஆடுவது ஒரு பகுதி மட்டுமே. ரதியும் மதனும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் வாசல்களில் ஆடுகிறார்களே, அங்கேதான் நடிகனுக்குச் சோதனை. இஸ்தோப்பில் பாட்டி உட்கார்ந்திருப்பார். காம்பராக் கதவோரம் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி தாய் நிற்பாள். அவர்களுக்கும் ரதிக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இடம். ஒளி கிடையாது, திரை கிடையாது, ஒளிந்துகொள்ள எதுவும் கிடையாது.

இளவயதில் ரதியாக ஆடியவன் நான். பொட்டலில் பெருங்கூட்டத்தின் முன் ஆடியபோது எனக்குப் பயம் வந்ததில்லை. வாசலில் ஆடும்போது நடுங்கினேன். பொட்டலில் கையை வீசினாலே ரதியின் துயரம் போய்ச் சேர்ந்துவிடும். வாசலில் அதே வீச்சு பொய்யாகத் தெரியும். கண்ணைச் சிறிது தாழ்த்தினால் போதும், எதிரே நிற்பவள் புரிந்துகொள்வாள். எங்கள் கூத்து மாஸ்டர் அடவைவிட இதைத்தான் அதிகம் கற்பித்தார். அழுவதாகக் காட்டாதே, அழாமல் இருக்கப் பாடுபடு என்பார். ஒப்பாரிக்கு மட்டும் தன்னிடம் பாடம் கேட்காதே என்று சொல்லி, லயத்துக் கிழவிகளிடம் அனுப்பிவைத்தார். கொழுந்து மலையிலிருந்து வந்து, கூடையை இறக்கிவைத்துவிட்டு, அவர்கள் சொல்லித்தந்த இழுவைதான் பின்னாளில் ரதியின் குரலாக என் தொண்டையில் நின்றது.

மற்றக் கூத்து மரபுகளையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறொன்று தெரியும். மட்டக்களப்புக் கூத்து வட்டக்களரியில், சுற்றிலும் ஆட்கள் இருக்க ஆடப்பட்டது. வடமோடிக்கு ஆட்டத்தின் வேகமும் போர்க்கதையும் பலம், தென்மோடிக்கு இசையின் நுணுக்கம் பலம். இரண்டிலும் நடிகனுக்கு முதுகுப்புறம் என்று ஒன்று கிடையாது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக்கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றைத் தயாரித்தார். விடியவிடிய ஆடியதைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். கூத்தை நாகரிகமற்றது என்று ஒதுக்கிய படித்த வர்க்கத்தை அதன் முன் உட்காரவைத்தது அந்த முயற்சி. அந்த நன்றி நமக்கு எப்போதும் உண்டு. ஆனால் பார்ப்பவர் ஒரு பக்கத்தில் மட்டும், அதுவும் தூரத்தில் உட்கார்ந்தார். அந்த இழப்பையும் சொல்லாமல் விடக்கூடாது.

தூர தேசத்து நாடகம் ஒன்று இந்த நெருக்கத்தைப் பற்றி எனக்கு நிறையச் சொல்லித்தந்தது. ஸ்பெயின் நாட்டுக் கவிஞர் லோர்கா 1936 ஜூனில் எழுதி முடித்த ‘பெர்னார்தா ஆல்பாவின் வீடு’ அது. கணவனை இழந்த பெர்னார்தா எட்டாண்டுத் துக்கம் அறிவித்து, ஐந்து மகள்மாரையும் வீட்டுக்குள் அடைத்துவைக்கிறாள். மேடையில் ஓர் ஆண்கூடத் தோன்றுவதில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் லோர்கா கொல்லப்பட்டார். 1945இல் புவெனஸ் ஐரிஸில்தான் அது முதன்முதலில் மேடையேறியது. தமிழில் க. பாலேந்திராவின் அவைக்காற்று கலைக் கழகம் ‘ஒரு பாலை வீடு’ என்ற பெயரில் அதை அரங்கேற்றியது.

அதை வாசித்தபோது பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராதான் என் முன் வந்து நின்றது. பெர்னார்தாவின் வீட்டிலும் சுவருக்கு அப்பால் யார் எதைக் கேட்கிறார்கள் என்ற பயம். ஊர் என்ன சொல்லும் என்ற பயம். கடைசி மகளின் சாவையும் அமுக்கிவிடத் துடிக்கும் தாய். இத்தகைய நாடகத்தைப் பெரிய மண்டபத்தில் உரக்கப் பேசி நடித்தால் பாதி போய்விடும். மகள்மாரின் மூச்சு முதல் வரிசைக்குக் கேட்க வேண்டும். நம் வாசல் ரதியிடம் கேட்கப்படுவதும் அதுதான்.

லோர்காவும் மேடையை மக்களிடம் தூக்கிக்கொண்டு போனவர்தான். 1932 முதல் ‘லா பர்ராக்கா’ என்ற மாணவர் குழுவை வழிநடத்தி, செர்வாந்தெஸ், லோப்பே தே வேகா, கால்தெரோன் ஆகியோரின் பழைய நாடகங்களைக் கிராமத்துச் சதுக்கங்களில் ஆடிக்காட்டினார். பழைய நாடகம் பாமரருக்குப் புரியாது என்ற பேச்சுக்கு அதைவிடப் பதில் வேண்டாம். தோட்டத்துச் சனத்துக்கு உயர்ந்த கலை எட்டாது என்று நம்மைப் பற்றியும் சொன்னவர்கள் உண்டு. மதன் எரியும் இரவில் அவர்கள் பொட்டலுக்கு வந்ததில்லை.

ஒரு குறையை மறைக்காமல் எழுதுகிறேன். ரதியை ஆண்களே கட்டி வந்திருக்கிறோம். ரதியின் ஒப்பாரி பெண்களுடையது. எனக்கு அதைத் தந்தவர்களும் பெண்கள். அவர்களுக்கு வேடம் மட்டும் கிடைக்கவில்லை. விரதம், தீட்டு, வழக்கம் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அந்தக் காரணங்களில் எனக்கு இன்று நம்பிக்கை இல்லை. பெர்னார்தாவின் வீட்டில் எல்லா வேடமும் பெண்களுக்குத்தான். அப்புத்தளையின் ஒரு பாடசாலை வகுப்பறையில், மேசைகளை ஓரமாக ஒதுக்கி, நம் பிள்ளைகள் அதை நடித்துப் பார்க்கட்டும். அந்தப் பயிற்சியோடு அடுத்த மாசியில் பொட்டலுக்கும் வரட்டும்.

இன்று சாகித்திய விழாக்களிலும் பாடசாலைப் போட்டிகளிலும் காமன் கூத்து சில நிமிட ஆட்டமாக வெட்டப்படுகிறது. ஒலிபெருக்கியில் பதிவுசெய்த தப்போசை வருகிறது, ஒரே நிறத்தில் உடை மின்னுகிறது. இது காமன் கூத்து அல்ல, அதன் படம். பிள்ளைகள் இப்படியாவது அதைத் தொடுகிறார்களே என்று ஆறுதல் சொல்வோரின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் நடுவர்கள் கால் வரிசைக்கு மட்டும் புள்ளியிடுவதை நிறுத்த வேண்டும். எட்டடி தூரத்தில் நின்று பாடச் சொல்லுங்கள். அங்கே தாங்கும் ரதிக்கே பரிசு கொடுங்கள்.

அப்புத்தளை, ஹல்துமுல்லை, கொஸ்லந்தை, பூனாகலைப் பக்கத் தோட்டங்களில் ஆடித் தேர்ந்த மாஸ்டர்மார் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டு ஏடுகள் அலுமாரித் தட்டுகளிலும் தகரப் பெட்டிகளிலும் கிடக்கின்றன. இந்த மலரைக் கையில் எடுக்கும் இளைஞர்களே, உங்கள் தோட்டத்து மாஸ்டரிடம் இந்த மாதமே போங்கள். ஏட்டைப் படமெடுங்கள், பாட்டைக் குரலோடு பதியுங்கள். திரும்பும் வழியில் லயத்துப் பாட்டிமாரின் ஒப்பாரியையும் விடாமல் பதிந்து வாருங்கள்.