ஐந்து வோல்ட்டைத் தேடும் கலை

டீசல் இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினியான இசிஎம், பேட்டரியின் 12 அல்லது 24 வோல்ட்டைச் சீரான 5 வோல்ட்டாகக் குறைத்துச் சென்சார்களுக்குத் தருகிறது. எரிபொருள் ரெயில் அழுத்தம், டர்போ காற்றழுத்தம் போன்றவற்றை அளக்கும் சென்சார்களில் பெரும்பாலும் மூன்று வயர்கள்: சப்ளை, சிக்னல், எர்த். ஒரே சப்ளையைப் பல சென்சார்கள் பகிர்ந்துகொள்வதால், ஒன்று ஷார்ட் ஆனாலும் எல்லாவற்றுக்கும் மின்னழுத்தம் சரியும். ஸ்கேனரில் பழுதுக் குறியீடுகள் கொத்தாக வரும். நல்ல சென்சார்களும் பழுதாகத் தெரியும். கனரக வண்டிகளில் எஸ்பிஎன் (பழுதுள்ள பகுதியின் எண்) 3509 என்பது முதலாவது சென்சார் சப்ளையைக் குறிக்கும். அதனுடன் எஃப்எம்ஐ (பழுதின் வகை எண்) 4 வந்தால் மின்னழுத்தம் குறைவு, 3 வந்தால் அதிகம்.

குறைவைத் தேடும் முறை அழகானது. சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓடவிடாமல், கழற்றிய ஒரு கனெக்டரின் சப்ளை, எர்த் முனைகளில் மல்டிமீட்டரை வைக்க வேண்டும். பிறகு அதே சப்ளையிலுள்ள மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றியபடி மீட்டரைக் கவனிக்க வேண்டும். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, பழுது அதில்தான். ஒரு பாகம்கூட வாங்காமல், ஊகமே இல்லாமல் கிடைக்கும் விடை இது. நல்ல மெக்கானிக்கின் பொறுமை இங்கேதான் தெரியும்.

எல்லாவற்றையும் கழற்றியும் 5 வோல்ட் திரும்பாவிட்டால், பிராக்கெட்டில் உரசித் தோலுரிந்த வயரைத் தேட வேண்டும். சாவியை ஆஃப் செய்து இசிஎம் கனெக்டரையும் கழற்றியபின், சப்ளை வயருக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் தொடர்பு காட்டினால் வயரிங்கில் பழுது. காட்டாவிட்டால் மட்டுமே இசிஎம் மீது சந்தேகம் திரும்பலாம்.