பாத்திக் வாங்கிய நிலம்

மெழுகை உருக்கித் துணியில் கோலமிட்டு, சாயத்தில் முக்கியெடுத்து, பிறகு வெந்நீரில் மெழுகைக் கழற்றினால், மெழுகு பட்ட இடத்தில் மட்டும் சாயம் ஏறியிருக்காது. ஜாவாவில் செழித்த பாத்திக் கலை இது. 1960களில் சென்னை ஓவியக் கல்லூரியைச் சேர்ந்த இளைஞர்கள் இதில் கைவைத்தது அழகியல் மோகத்தால் என்பதைவிட வயிற்றுப்பாட்டால் என்பதே பொருந்தும். படம் வரைந்து பிழைக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். மூத்தவர்கள் நெசவாளர் சேவை மையத்துக்கோ பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் வேலைக்கோ போய், ஞாயிற்றுக்கிழமை ஓவியர்களாகச் சுருங்கியதை அவர்கள் பார்த்திருந்தார்கள்.

அப்போது கல்லூரி முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கி நடத்திய அனுபவம் அவருக்கு உண்டு. கண்காட்சி வைப்பது எளிது, கண்காட்சிக்கு மறுநாள் ஓவியன் எப்படிச் சாப்பிடுவான் என்பதுதான் கடினம் என்று அந்த அனுபவம் அவருக்குக் கற்றுத் தந்திருக்க வேண்டும். கைவினைச் சங்கம் ஒன்று அமைந்தது. பாத்திக் துணி விற்ற காசைச் சேர்த்து, ஈஞ்சம்பாக்கத்துக் கடலோர மணலில் சுமார் 10 ஏக்கர் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமம் பிறந்தது. புரவலர் கொடுத்த மனையில்லை, சொந்தக் காசில் வாங்கியது. பிற்பாடு நடந்த பலவற்றுக்கும் இதுவே ஆதாரம்.

காலையில் கைவினை, மீதி நேரம் கலை என்று எழுதும்போது எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. உண்மையில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொண்டன. பி.வி. ஜானகிராமின் உலோகச் சிற்பங்கள் நல்ல சாட்சி. செப்புத் தகட்டைத் தட்டி, பற்றவைத்து, முன்பக்கம் மட்டும் பார்க்கும்படி அவர் செய்த உருவங்களில், மூலவருக்குச் சாத்தும் கவசத்தின் சாயல் உண்டு. பிழைப்புக்காகப் பழகிய கை வேலை, கல்லூரி சொல்லித்தராத சிற்ப மொழிக்கும் வழி திறந்தது என்றே நினைக்கிறேன்.

ஓவியர் கே. ராமானுஜத்தையும் சொல்ல வேண்டும். மாளிகைகளும் விநோதப் பிராணிகளும் நெருக்கியடிக்கும் மைக்கோட்டு உலகம் அவருடையது. வெளியே தனித்துப்போன அந்த மனிதருக்கு அந்தக் கிராமம் ஒரு கூரை தந்தது. 1973-இல், இளம் வயதிலேயே அவர் இறந்துபோனார். ஒரு சமூகம் தன் மனிதர் ஒருவரை எவ்வளவு தூரம் தாங்க முடியும் என்ற கேள்வியை அந்த மரணம் இன்னமும் எழுப்புகிறது. அர்னவாஸ், அனிலா ஜேக்கப் போன்ற பெண் கலைஞர்கள் இருந்தார்கள். ஆனால் இந்த வரலாறு பெரும்பாலும் ஆண்களின் பெயர்ப்பட்டியலாகவே சொல்லப்படுகிறது.

இதே கடற்கரையில், 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ராவும் நடனத்தோடு தறியை வைத்துக்கொண்டது. அங்கே தறி குருகுலத்தின் ஓர் அங்கம். இங்கே பாத்திக் கல்லாப்பெட்டி. பணிக்கர் மறைந்த 1977-இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். புரிசை கிராமத்துத் தெருக்கூத்துக் கலைஞர்களிடம் அவர் கண்ட உடல்மொழியே அதன் முதல். ஆனால் நடிப்பைத் துணிபோல மடித்து விற்க முடியாதே. நடிகர்களை முழுநேரமாக வைத்திருக்க, பின்னாளில் ஃபோர்டு அறக்கட்டளையின் நல்கை தேவைப்பட்டது. நல்கைக்கு முடிவுத் தேதி உண்டு, மனைப் பத்திரத்துக்கு இல்லை. சோழமண்டலத்தின் நீடிப்பைக் கலைக் கொள்கையால் மட்டும் விளக்குகிறவர்கள் இந்த வேறுபாட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மணற்காடாகக் கிடந்த இடத்தைக் கிழக்குக் கடற்கரைச் சாலை நகரத்தோடு சேர்த்தது. பணிக்கரின் மகனும் சிற்பியுமான எஸ். நந்தகோபால் முன்னின்று உழைக்க, 2009-இல், இவர்கள் சார்ந்த மெட்ராஸ் கலை இயக்கத்துக்கான அருங்காட்சியகம் அங்கே திறந்தது. 2017-இல் அவரும் போய்விட்டார். முதல் தலைமுறையில் பலர் இல்லை. ஓவியருக்கென்று வாங்கிய மனையில் ஓவியர் அல்லாத வாரிசு குடியிருக்கும்போது அது ஓவியர் கிராமமா, கடலோரக் காலனியா? பாத்திக் காலத்துக் கணக்கேட்டில் இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருக்காது.